பதினாலாம் நம்பர் குடும்பம்

ஏ தாயி, அந்தப் பையில கால வச்சிராத. உள்ள சல்லடை இருக்கு. மாவு சலிக்கிற சல்லடை இல்ல, அதைவிட நைசு. திருநெல்வேலியில கடை கடையா ஏறி எறங்கி வாங்கினது. கடைக்காரன், "என்னம்மா, டீ வடிகட்டவா?"ன்னான். "இல்லப்பா, வேர் கழுவ"ன்னேன். ஒரு மாதிரியாப் பாத்தான். இப்ப நீயும் அப்படித்தான் பாக்குற, பரவாயில்ல.

வெளியில பாக்காத. வளைவுல வெளிய பாத்தாத்தான் கொமட்டும். எம்மூஞ்சியப் பாரு, ஒண்ணும் செய்யாது. இந்தா, கடலைமிட்டாய் தின்னு. எங்க ஊர்ச் சரக்கு, கோவில்பட்டி. எம்பேரு செண்பகவல்லி. எங்க ஊர்ல தெருவுக்கு நாலு செண்பகவல்லி இருப்பா. நீ கொடைக்கானலுக்குத்தான? நான் அதுக்கும் மேல. நீ ஊர் சுத்திப் பாக்கப் போற, நான் மருமகளக் கூட்டிட்டு வரப் போறேன். அப்படித்தான் வீட்ல சொல்லிட்டு வந்திருக்கேன்.

சின்ன மருமக. மதிவதனின்னு பேரு, வதனின்னு கூப்பிடுவோம். எம்மகன் கழுகாசலத்துக்குக் கட்டினது. அவன் தீப்பெட்டி ஆபீஸ்ல மெஷின் பாக்குறான். இவ மலையில பைன் மரத்துக்கு வேர் பாக்குறா. புருசன் கீழ, பொண்டாட்டி மேல. மாசம் ஒருக்க அவன் மேல போவான், இல்லாட்டி இவ கீழ வருவா. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறா தாயி. ஊசி போடுற டாக்டர் இல்ல. எனக்கு மொதல்ல அதுவே பெரிய ஏமாத்தம். எம்முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தர மாட்டேங்கிறா, அவ என்னத்த டாக்டரு!

கல்யாணமாகி நாலு வருசம். நான் கேக்காத மாசமில்ல. போன் போட்டா மொதக் கேள்வியே, "தலைக்குக் குளிச்சியா?"தான். அவளும், "குளிச்சிட்டேன் அத்தை"ம்பா. பெறகு ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இருக்காது. "சரி, வச்சிரவா?" "வச்சிருங்க அத்தை." மூத்த மருமக சுபாஷினிக்குக் கல்யாணமான மறு வருசமே ஒண்ணு, அதுக்கடுத்து ஒண்ணு, ரெண்டும் தங்கக் கட்டி. அவளப் பத்தி ஒரு குறை சொல்ல முடியாது. இவளையும் நான் கெட்டதா ஒரு வார்த்தை சொன்னதில்ல, சாமி சத்தியமா. கேட்டேன், அம்புட்டுத்தான். மாமியா கேக்காம வேற யாரு கேப்பா?

போன கார்த்திகையில எங்க வீட்டுக்காரக சொன்னாக, "நீ போயி ஒரு வாரம் இருந்து, பக்குவமாப் பேசி அந்தப் பிள்ளயக் கூட்டிட்டு வா. படிச்சது போதும்"னு. சரின்னு கெளம்பிட்டேன். நாட்டு மருந்துக்கடையில லேகியம், கோயில் விபூதி, அரைச்ச மாவு, எல்லாம் கட்டிக்கிட்டு இதே பஸ்ல, இதே வளைவுல போனேன். அப்ப எனக்கு ஒரே கொமட்டல். ஒரு வார்த்த பேசல பக்கத்துல இருந்தவ கிட்ட. நீ குடுத்து வச்சவ.

ஒரு வாரம்னு போனவ பங்குனி வரைக்கும் இருந்துட்டேன். சிரிக்காத!

என்ன நடந்துச்சுன்னா, போன அன்னிக்கு மாவை வைக்கலாமேன்னு அவ ரூம்ல பிரிட்ஜத் தொறந்தேன். பால் இல்ல, தயிர் இல்ல, ஒரு தக்காளி இல்ல. மேல இருந்து கீழ வரைக்கும் கவர் கவரா மண்ணு. "என்னடி இது?"ன்னேன். "வேர் அத்தை"ன்னா. "வேரா? இதைத்தான் தின்னுட்டு இருக்கியா?" அவ சிரிச்சா பாரு. நாலு வருசத்துல அவ சத்தம் போட்டுச் சிரிச்சு நான் அன்னிக்குத்தான் கேட்டேன். மாவு ரெண்டு நாள்ல பொங்கிப் போச்சு, குளிரையும் மீறி. வைக்க எடமில்ல.

அவ வேலை என்னன்னு சொல்றேன். மலையில அவ வேலை பாக்குற ஆராய்ச்சிப் பண்ணையில பைன் மரத்துக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறாக. நெசமாத்தான். நல்ல வாட்டசாட்டமான மரமாப் பாத்து, அதோட மகரந்தத்த எடுத்து, இன்னொரு நல்ல மரத்துல பையக் கட்டி, வேற எந்தப் பொடியும் உள்ள போகாம முடிச்சு வைக்கிறாக. ஜாதகம் ஒண்ணுதான் பாக்கல. ஒவ்வொரு ஜோடிக்கும் பெறந்த கன்னெல்லாம் ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு நம்பர். எல்லாக் குடும்பத்தையும் ஒரே மலையில, ஒரே நாள்ல நட்டிருக்காக. எது வேகமா வளருதுன்னு பாக்கணுமில்ல?

அந்தத் தோட்டத்துல போயி நின்னா ஆத்தாடி! ஆறாம் நம்பர் குடும்பம், ஒவ்வொண்ணும் அண்ணாந்து பாத்தா கொண்டை அவுந்துரும். வழுவழுன்னு நேரா, ஒரு கோணல் இல்லாம. வர்றவக போறவக எல்லாம் அது கூடத்தான் போட்டோ எடுக்காக. பெரிய ஆபீசர் வந்தா நேரா அங்கதான் கூட்டிட்டுப் போறது. அதுக்குப் பக்கத்து வரிசை பதினாலு. எட்டிப் பிடிச்சா நுனியத் தொட்டுரலாம் போல இருக்கும். ஒரே நாள்ல நட்டது, தாயி! அதே மண்ணு, அதே மழை. அதுக மேல ஒரு தகரத்தத் தொங்கவிட்டு 'பதினாலு'ன்னு எழுதியிருக்காக. ஒரு ஆபீசர் வந்தாரு, என் காது கேக்கச் சொன்னாரு, "இது எதுக்கு வெட்டியா எடத்த அடைச்சுக்கிட்டு? எடுத்துருங்க"ன்னு. எனக்கு வந்துச்சு பாரு ஆங்காரம். அதுக என்ன செய்யும், பாவம்! வேணும்னா வளராம நிக்குதுக?

வதனி சொன்னா, "அத்தை, மேல பாத்து முடிவு பண்ணக்கூடாது. நான் கீழ பாக்கத்தான் வந்திருக்கேன்"னு. அந்த வார்த்தை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

அவ பாக்குறது பெரிய வேரு இல்ல. அது மரம் சாயாம நிக்கிறதுக்கு. இது தண்ணி குடிக்கிற வேரு, சேமியா கனம், அதைவிட மெலிசு. மண்ணுல சும்மா தோண்டி எடுக்கக்கூடாது, பக்கத்து மரத்து வேரு கலந்துரும். அதனால தூர்ல ஆரம்பிச்சு, ஒரு வேரப் பிடிச்சு, கையாலேயே மண்ண வெலக்கி வெலக்கி, நுனி வரைக்கும் போகணும். ஒரு வேரப் பிடிச்சுட்டுப் போனா ஒரு காலைப்பொழுது போயிரும். அவ குப்புறப் படுத்துக்கிட்டு நோண்டுவா. குளிருக்குக் குல்லா, சேறு அப்பின மூஞ்சி. எம்மகன் பாத்தா அடையாளம் தெரியாது. கண்டுபிடிச்ச நுனிய வெட்டிக் கவர்ல போட்டு, நம்பர் எழுதி, ஐஸ் பெட்டியில வச்சு, ரூமுக்குக் கொண்டாந்து கழுவணும். கழுவி ஒரு கண்ணாடி மேல பரப்பி வச்சா, மெஷின் படம் எடுத்து, எம்புட்டு நீளம், எம்புட்டுக் கனம், எத்தனை நுனின்னு சொல்லிரும்.

"இதைப் பாத்து என்னடி செய்யப் போற?"ன்னேன். பொறுமையாச் சொன்னா. "ஒரே எடை வேருதான் அத்தை. ஒரு குடும்பம் அதை மெலிசா, நீளமா இழுத்து விடும். சீக்கிரமா நெறைய எடத்தத் துழாவிரும், ஆனா சீக்கிரமாச் செத்துப் போகும். இன்னொரு குடும்பம் தடியா, கட்டையா விடும். அது ரொம்ப நாள் நிக்கும். இதுக்கும் மரம் மேல வளர்றதுக்கும் சம்பந்தம் உண்டான்னுதான் தேடுறேன்."

"ஒரே மாவுல ஒருத்தி இடியாப்பம் பிழியிறா, ஒருத்தி முறுக்கு சுத்துறா. அப்படித்தான?"ன்னேன்.

"அதேதான் அத்தை!"ன்னு எங்கன்னத்தக் கிள்ளிட்டா, சேத்துக் கையோட. மாமியா கன்னத்தக் கிள்ற மருமகள நீ எங்கயாவது பாத்திருக்கியா? எனக்குக் கோவம் வந்திருக்கணும், வரல.

அன்னிக்குச் சாயங்காலம் அவ தனியா உக்காந்து கழுவிக்கிட்டு இருந்தா. முதுகு வளைஞ்சு போயி. நான் சும்மா இருப்பானேன்னு, "ஒரு கவரக் குடு, கீரை அலசாதவளா நானு?"ன்னேன். அதோட சரி. வீட்டுக்காரகளுக்குப் போன் போட்டேன், "இவ வேலை முடிஞ்சாத்தான் வருவாளாம், நானும் கூடக் கழுவிக் குடுத்தா சீக்கிரம் முடியும்"னு. "எதைக் கழுவி?"ன்னாக. "வேர"ன்னேன். "எந்த வேர?"ன்னாக. சிக்னல் இல்லன்னு வச்சிட்டேன்.

அந்த வேரு இருக்கே, அதை நீ பாக்கணும் தாயி. மொதல்ல மண்ணு உருண்டையாத்தான் இருக்கும். தண்ணியில ஊற விட்டு, சல்லடையில வச்சு, மெல்லமா, பூ மாதிரித் தண்ணிய விட்டா, மண்ணு கரைஞ்சு ஒவ்வொண்ணா வெளிய வரும். நுனியில ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு, கவட்டை மாதிரி, அதுமேல வெள்ளையா ஒரு தொப்பி. அது ஒரு வகைக் காளானாம். வேரோட நுனியில உக்காந்து, தூரத்துல இருக்கிற தண்ணியக் கொண்டாந்து மரத்துக்குக் குடுக்குமாம், மரம் அதுக்குச் சாப்பாடு குடுக்குமாம். விரல் நுனிக்கு மட்டும் மருதாணித் தொப்பி வைப்போமில்ல, அப்படியே இருக்கும், வெள்ளையில. எனக்கு அதைப் பாத்தா அம்புட்டுச் சந்தோசம். சில நாளு சோறாக்க மறந்து போவேன். வதனியும் மறந்துருவா. ரெண்டு பேரும் பிஸ்கோத்துத் தின்னுட்டு, "இந்த நுனியப் பாருங்க அத்தை", "ஏ இதைப் பாருடி"ன்னு ஒரே கும்மாளம். தலைக்குக் குளிச்சியான்னு கேக்கக்கூட மறந்து போச்சு எனக்கு. லேகியம் அப்படியே இருந்துச்சு, கடைசியில நாந்தான் தின்னேன். நல்ல ருசி.

சில கவர்ல பதினாலுன்னு எழுதியிருக்கும். எடுத்தவொடனே எனக்கு மனசு எளகிரும். வெதுவெதுப்பாத் தண்ணி வச்சு, ஊற விட்டு, பிரஷ்ஷுகூடப் படாம, சுண்டு விரலால ஒவ்வொரு மண்ணாத் தள்ளி எடுப்பேன். ஒரு நுனி, ஒரே ஒரு நுனி அறுந்து போக விடமாட்டேன். உள்ளத அம்புட்டையும் காட்டணுமில்ல, எடத்த அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு சொன்னவனுக்கு?

ஆறாம் நம்பர் வந்தா? ம், அதுக்கென்ன, அதுதான் ஒசரமா நிக்குதே. குழாய நல்லாத் தொறந்து விட்டு ஒரு அலசு. மண்ணு போகலன்னா தட்டுல ரெண்டு தட்டு. பிரஷ்ஷப் போட்டு ஒரு தேய். சுத்தமா இருக்கும், ஒரு பொட்டு மண்ணு இருக்காது. யாரும் குறை சொல்ல முடியாது எங்கழுவல.

மாசி மாசம் மெஷின்காரன் கணக்கச் சொன்னான் பாரு! மெஷின்காரன்னா ஆளில்ல, அந்தக் கம்ப்யூட்டருதான். பதினாலுதான் மொதல்ல நிக்குது! நுனியில அதுதான் ஒண்ணாம் நம்பர், நீளத்துலயும் அதுதான். ஆறு அதுல பாதிகூட இல்ல. வதனி எந்திரிச்சு, என் ரெண்டு கையையும் பிடிச்சு, அந்தச் சின்ன ரூம்ல சுத்துறா. "அத்தை! குட்டை மரத்துக்குத்தான் வேர் ஜாஸ்தி! யாருமே இப்படிச் சொன்னதில்ல அத்தை!" எனக்குத் தலை சுத்துது, முழங்கால் வலிக்குது, ஆனாலும் சுத்துறேன். வாளி ஒண்ணு கவுந்துருச்சு. கீழ் ரூம்காரக வந்து கதவத் தட்டினாக. நான் அவுக கிட்டயும் சொன்னேன், பதினாலு ஜெயிச்சிருச்சுன்னு. லாட்டரின்னு நெனைச்சுட்டாக.

பங்குனியில பெரிய கூட்டம். வெளியூர்ல இருந்தெல்லாம் ஆராய்ச்சிக்காரக வந்திருந்தாக. வதனியோட பெரிய சாரு, ஞானதுரை சாருன்னு பேரு, அவருதான் இவளுக்குப் பட்டம் வாங்கித் தர்றவரு, மொத வரிசையில. என்னையும் பட்டுச்சேலை கட்டி உக்காத்தி வச்சிருந்தா. அவ பேசினா பாரு! இங்கிலீசு, படபடபடன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல, பெருமையா இருந்துச்சு. கடைசியில எனக்கு நன்றி சொல்றேன்னு, நான் கழுவுறத அவ எப்பவோ போன்ல படம் பிடிச்சு வச்சிருந்தத, பெரிய திரையில போட்டா. எனக்குத் தெரியாம எடுத்தது!

தாயி, சினிமாக்காரி கணக்கா அம்புட்டுப் பெருசா நான்! பதினாலாம் நம்பரக் கையில வச்சுக்கிட்டு, "வாடி எங்கண்ணு, குளிருதா, இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு"ன்னு கொஞ்சிக்கிட்டு இருக்கேன். பெறகு ஆறாம் நம்பர எடுத்து, "ஒசரமா இருந்தா நீ என்ன பெரிய இவளா? கொழுப்பு!"ன்னு தட்டுல டொம்மு டொம்முன்னு ஒரு போடு. குழாய்ல சளசளன்னு ஒரு அலசு. கூட்டம் பூரா விழுந்து விழுந்து சிரிக்குது. கை தட்டுறாக. வெளியூர்க்காரன் ஒருத்தன் கண்ணத் தொடைக்கிறான். ஞானதுரை சாரு மட்டும் சிரிக்கல, உன்னிப்பாப் பாத்தாரு. "இன்னொரு தடவை போடும்மா"ன்னாரு. போட்டா. மூணாந்தடவையும் போடச் சொன்னாரு. அம்புட்டுப் பிடிச்சுப் போச்சு மனுசனுக்கு!

வதனி மொகம்தான் வெளுத்துப் போச்சு. கூச்சம்னு நெனைச்சேன்.

ரூமுக்கு வந்தவ கட்டில்ல உக்காந்து சுவரப் பாக்குறா. "என்னடி, எல்லாரும் கை தட்டினாகளே"ன்னேன். "எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும் அத்தை. அடுத்த மழைக்கு. ஒரு சீசன் போச்சு"ன்னா. "எதுக்கு மறுபடி? நாந்தான் சுத்தமாக் கழுவிட்டேனே?" "ஆறோட நுனியெல்லாம் சிங்க்ல போயிருச்சு அத்தை." "போகட்டும்டி, அதுக்குத்தான் மரமே அம்புட்டு ஒசரம் இருக்கே!"ன்னேன். என்னையப் பாத்தா. சிரிக்கிறாளா அழுகிறாளான்னே தெரியல. எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல தாயி. உண்மையா அன்பா ஒருத்தி கழுவினா அது எப்படித் தப்பாகும்? ஆறு கெட்டுப் போச்சுன்னா ஆற மட்டும் மறுபடி எடு. எம் பதினால எதுக்குக் குப்பையில போடணும்?

மறுநாளு என்னைய பஸ் ஏத்தி விட்டுட்டா. "கொஞ்ச நாள் நீங்க ஊர்ல இருங்க அத்தை"ன்னு மரியாதையாத்தான் சொன்னா. எனக்கு அழுகையா வந்துச்சு. வளைவுக்கு வளைவு அழுதுக்கிட்டே எறங்கினேன். வீட்டுக்காரக விசயத்தக் கேட்டுட்டு, "நல்லதாப் போச்சு. இன்னொரு வருசமெல்லாம் ஆகாது. பேரன் காதுகுத்துக்கு வர்றாளா, வந்தவ அப்படியே இருக்கட்டும். திரும்பிப் போக வேணாம்"னு முடிவாச் சொல்லிட்டாக. கழுகாசலம் வாயில்லாப் பூச்சி, அப்பா முன்னால என்னத்தப் பேசுவான்? வதனிக்குச் சொல்லியாச்சு. அவ போன்ல "சரி மாமா"ன்னா. அம்புட்டுப் படிச்சும், அம்புட்டு மண்ணத் தோண்டியும், ஒரு சரி மாமா.

ஆவணியில காதுகுத்து. குலசாமி கோயில்ல கெடா வெட்டு, ஊரு பூரா வந்திருக்கு. வதனி வந்தா. கறிக்கொழம்பு வாளியத் தூக்கிக்கிட்டுப் பந்தியில பரிமாறிக்கிட்டு இருக்கா. எங்க வீட்டுக்காரகளோட அக்கா ஒருத்தி, வேலுத்தாய் மதினி. ராஜபாளையத்துக்காரி, வாய் சும்மா இருக்காது. எலைய விட்டு நிமுந்து பாத்து, பந்தி பூரா கேக்க, "ஏட்டி வதனி, அடுத்த காதுகுத்து எப்ப? நாலு வருசமாச்சு, இன்னும் ஒண்ணையும் காணோமே. மூத்தவளப் பாரு! ஒரே வீட்டுக்குத்தான ரெண்டு பேரும் வந்தீக? ஒருத்தி காய்க்கிறா, ஒருத்தி சும்மா நிக்கிறா"ன்னா.

ஒரே வீட்டுக்குத்தான வந்தீக, ஒருத்தி சும்மா நிக்கிறான்னு கேட்டவொடனே எனக்கு அந்த ஆபீசரு ஞாபகம் வந்துருச்சு. ஒரே மண்ணு, ஒரே மழை, எடத்த அடைச்சுக்கிட்டுன்னு சொன்னானே, அவன்! எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல, பிடிச்சுக்கிட்டேன். "மதினி, மேல பாத்து எதையும் பேசாதீக! கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் வளர்த்தியா? கீழ என்ன இருக்குன்னு குனிஞ்சு பாத்தீகளா? எம்புட்டுத் தூரம் போயித் துழாவிக்கிட்டு இருக்கு, எம்புட்டு நுனி, எம்புட்டுப் பாடு! சும்மா நிக்குதாம்ல, சும்மா! சும்மா நிக்கிறதுன்னு ஒலகத்துல ஒண்ணு கெடையாது. அதை வெட்டணும்னு எவனாவது வந்தா என்னைய வெட்டிட்டுப் போகட்டும்!"னு கத்திட்டேன்.

பந்தியில அம்புட்டுப் பேருக்கும் சோத்துல வச்ச கை வச்சபடி இருக்கு. மதினி, "நீ எதைச் செண்பகம் சொல்ற?"ன்னா. "பதினாலத்தான்!"னேன். வேற எதைச் சொல்லுவேன்? வீட்டுக்காரக தலையில கைய வச்சுக்கிட்டாக. சுபாஷினி என் கையப் பிடிச்சு, "நல்லாச் சொன்னீக அத்தை"ன்னா. அவளுக்கு வேரப் பத்தி என்ன தெரியும்? அவளுக்கும் கண்ணு கலங்கியிருந்துச்சு. அடுப்புப் புகை.

வதனி வாளிய அப்படியே வச்சிட்டுக் கோயிலுக்குப் பின்னால போயிட்டா. நான் போயிப் பாத்தேன். நின்னு அழுகிறா. என்னையப் பாத்தவொடனே தோள்ல மூஞ்சிய வச்சு, சின்னப் பிள்ள மாதிரி ஒரே அழுகை. என் பட்டுச்சேலை நனைஞ்சு போச்சு. "அத்தை, அத்தை"ங்கிறா, அதுக்கு மேல வரல. எனக்குப் புரிஞ்சு போச்சு. பதினால நான் இன்னும் விட்டுக்குடுக்கலன்னு தெரிஞ்சதும் பிள்ளைக்கு மனசு எளகிருச்சு. பெறகு மூக்க உறிஞ்சிக்கிட்டு, "நீங்க மறுபடி வரணும் அத்தை. உங்க கை மாதிரி யாருக்கும் வராது"ன்னா. பாத்தியா? கடைசியில எங்கழுவல் சரின்னு ஒத்துக்கிட்டா!

அந்த எடத்துலயே முடிவு பண்ணிட்டேன். வெடிஞ்சதும் அவள பஸ் ஏத்தி விட்டது நாந்தான், யாருக்கும் தெரியாம. "மாமாட்ட நான் பேசிக்கிறேன், நீ போயி வேரத் தோண்டு"ன்னேன். வீட்ல ஒரே கூத்து. "நீதான ஏத்தி விட்ட, நீயே போயிக் கூட்டிட்டு வா"ன்னு இப்ப என்னைய அனுப்பியிருக்காக. நானும் வாயத் தொறக்காம, பையில சல்லடைய வச்சு, மேல சேலைய மடிச்சுப் போட்டு, கெளம்பி வந்துட்டேன்.

இரு, போன் அடிக்குது. அவுகதான். பாரு, சரியா மேல ஏறினவொடனே சிக்னல் வந்துருச்சு... ஆங், சொல்லுங்க. வந்துட்டேன். ஏரி தெரியுது. இல்ல, கொமட்டல. கூட்டிட்டு வர்றதா? இங்க பாருங்க, கூட்டிட்டு வரல. அவளும் வரல, நானும் வரல. அவ பட்டம் வாங்கிட்டு வருவா. அதுக்கு எத்தனை மழை ஆனாலும் ஆகட்டும். என்னங்க... கோவப்படுங்க, பரவாயில்ல. நாலு வருசமா நான் அவளக் கேட்டேன்ல, இனிமே வீட்ல யாரும் அவள ஒண்ணும் கேக்கக்கூடாது. மதினிகிட்டயும் சொல்லிருங்க. வேல கெடக்கு அந்தப் பிள்ளைக்கு. சாப்பாடா? சுபாஷினி போடுவா. கழுகாசலத்த ஞாயித்துக்கிழமை இங்க வரச் சொல்லுங்க, வேர் தூக்க ஆள் வேணும். வச்சிரவா? வச்சிடுறேன்.

வச்சிட்டேன் தாயி! முப்பத்தஞ்சு வருசத்துல அந்த மனுசன எதுத்து ஒரு வார்த்த பேசினதில்ல. இன்னொரு கடலைமிட்டாய் குடு. அட, நாந்தான வச்சிருக்கேன்!

ஆனா வதனி ஒரு கண்டிசன் போட்டிருக்கா. இந்தத் தடவை கவர்ல குடும்ப நம்பரு இருக்காதாம். என்னமோ ஒரு குறி போட்டிருப்பாகளாம். எது ஆறு, எது பதினாலுன்னு ஞானதுரை சாருக்கு மட்டும்தான் தெரியுமாம், அவளுக்கே தெரியாதாம். கேட்டப்ப எனக்கு எரிச்சலா வந்துச்சு. இது என்னடா, கண்ணக் கட்டிக்கிட்டுக் கழுவுற மாதிரின்னு. பெறகு யோசிச்சேன். கையில வர்ற எந்தக் கவரும் எம் பதினாலா இருக்கலாமில்ல? அப்ப நான் எதைப் போயித் தட்டுவேன், எதைக் குழாய்ல பிடிப்பேன்? ஒண்ணையும் முடியாது. எல்லாத்தையும் பதினாலுன்னே நெனைச்சுத்தான் கழுவணும். வேலை ரெண்டு மடங்கு ஆகும், ஆகட்டும்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு, எந்திரி, உன் பைய எடுத்துக்கோ. வதனி வந்திருப்பா, காலையிலேயே வந்து நிப்பேன்னு சொன்னா. எங்க... அந்தா, டீக்கடைக்குப் பக்கத்துல, சேத்துக் காலோட. தெரியலையா? அந்த ஒசரமான ஆளுகளுக்கு நடுவுலம்மா. கூட்டத்துல சட்டுன்னு தெரிய மாட்டா, கொஞ்சம் குட்டை. நல்லாப் பாரு.